பதினேழாம் தேதி மழையும் என் மனைவியின் உத்தியோகமும்

கல்யாணமாகி இத்தனை வருடங்களில் நானும் என் மனைவி வாசுகியும் ஒரு கூட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதே கிடையாது. கூட்டம் கூடினால் அவளுக்கு வேலை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு மாவட்டக் காவல்துறையில் அவள் சீஃப் சூப்பிரண்டெண்ட். எங்கள் எஸ்.பி.க்குச் சமம் என்று திருநெல்வேலியில் என் பெரியப்பா மகன் சொல்லுவான். அதற்கும் ஒரு படி மேலே என்று என் அம்மா திருத்துவாள். கால்பந்து ஆட்டம், ஊர்வலம், தீபாவளி விளக்கேற்றம், புத்தாண்டு இரவு என்று சனம் சேரும் நாளெல்லாம் அவள் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியிலோ திரைகள் நிறைந்த அறையிலோ இருப்பாள். தீபாவளி என்றால் அம்மாக்கள் கூரைமேல் ஏறி நிற்கும் பண்டிகை என்றுதான் எங்கள் மகள் சிறுவயதில் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த மே மாதத்தோடு அவளுக்கு ஓய்வு. மிச்சமிருந்த விடுமுறையை எடுத்துக்கொண்டு ஒஸ்லோவுக்குக் கிளம்பினோம். அவளுடைய அண்ணன் குகன், மே பதினேழுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். நோர்வேயின் தேசிய நாள். ஒஸ்லோவில் உள்ள பிள்ளைகள் எல்லாம் கொடி பிடித்து அரண்மனைக்கு நடந்து போகும் நாள். "கூட்டத்துக்குள் வேலையில்லாமல் நிற்கப் போறன்" என்று விமானத்தில் வாசுகி இரண்டு முறை சொன்னாள். இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டே அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று திரும்பிப் பார்த்ததையும் நான் பார்த்தேன்.

எனக்குத்தான் ஆர்வம் தாங்கவில்லை. காரணம் கொடி மட்டுமல்ல. குகன் அண்ணன் தங்கையை வருடத்துக்குப் பத்துத் தடவையாவது போனில் கூப்பிடுவார். சமையல், முழங்கால் வலி, பிள்ளைகள், அரசியல், எல்லாம் பேசுவார்கள். அவள் வேலையைப் பற்றி மட்டும் பேசமாட்டார். முப்பது வருடங்களாகப் போலீஸ் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "வேலையால வந்திட்டியோ?" என்பார். அதோடு சரி.

அவர் வீடு இருக்கிற ஒஸ்லோவின் புறநகர் புருசெத்தில் இறங்கியதும் எனக்கு முதலில் தோன்றியது, இது வெளிச்சத்தில் கழுவி வைத்த ஊர் என்பதுதான். மே மாதத்து பிர்ச் மரங்களில் இலை அப்போதுதான் விட்டிருந்தது. மாடிக் குடியிருப்புகளின் பால்கனிகளில் துணியும் செயற்கைக்கோள் தட்டும் கொடியும் ஒன்றாகத் தொங்கின. குகன் அண்ணன் நிலையத்து வாசலில் நின்றார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் உள்ளே இறங்கிப் பார்க்காத லிஃப்ட் குழி இல்லை என்பார்கள்.

"வாங்கோ மச்சான். குளிருதோ?" என்று என் பெட்டியைப் பிடுங்கினார். தங்கையின் தலையில் ஒரு கை வைத்து எடுத்தார். அவ்வளவுதான் அவர்கள் வரவேற்பு.

வீட்டில் அவர் மனைவி மலர் நண்டுக் கறியோடு காத்திருந்தார். மலர் மட்டக்களப்புக்காரர். யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் கால் நூற்றாண்டு வாழ்ந்தும் தன் பேச்சை விட்டுக்கொடுக்காதவர். "இரிங்க, இரிங்க. கை கழுவினா காணும், மறுகா குளிக்கலாம்" என்று எங்களைத் தள்ளிக்கொண்டுபோய் மேசையில் உட்காரவைத்தார். நண்டு அட்லாண்டிக் கடலது. மிளகாய்த்தூள் மட்டக்களப்பிலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் என் நாக்கு மாட்டிக்கொண்டு திணறியது. ஆற்றுவதற்கு ஒரு பழுப்பு நிறப் பாற்கட்டியைச் சீவித் தந்தார்கள். நோர்வேக்காரர்கள் ரொட்டியில் வைத்துச் சாப்பிடுவார்களாம். கருப்பட்டியைப் பாலில் போட்டுக் காய்ச்சி இறுக்கியது போல இருந்தது. குகன் அண்ணன் அதைப் புட்டில் உதிர்த்துப்போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் அண்ணனும் தங்கையும் தனியாக இருக்கட்டும் என்று நான் நகரத்துக்குப் போனேன். துறைமுகத்தில் அலைந்தேன். பொல்சே என்கிற சாசேஜை உருளைக்கிழங்கு ரொட்டியில் சுற்றித் தின்றேன். திரும்பும்போது டி-பானே என்கிற மெட்ரோவில் கெத்தாக ஏறி உட்கார்ந்தேன். இரண்டாம் எண் வண்டிக்குப் பதிலாக ஐந்தாம் எண் வண்டி. ரொம்சோஸ் என்ற நிலையம் பாறையைக் குடைந்த குகை போல வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெஸ்ட்லியில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர் வந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அதற்குமேல் தண்டவாளம் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

நடைமேடையில் சாமான் பைகளோடு நின்ற ஒரு பெண் என் முகத்தைப் படித்துவிட்டார்.

"அண்ணை, நீங்கள் இந்தியாவோ?"

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்கள் தொலைஞ்ச மாதிரி நிக்கேக்கையும் ஸ்டைலா நிக்கிறியள். படத்தில வாற ஆக்கள் மாதிரி." திருகோணமலைக்காரர். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. புருசெத் போக வேண்டும் என்றதும் சிரித்துவிட்டார். டொய்யனில் இறங்கி மாற வேண்டும் என்று சொல்லி, என்னை நம்பாமல் தானும் அதே வண்டியில் ஏறினார். யார் வீட்டுக்கு வந்திருக்கிறேன், மனைவி என்ன செய்கிறாள் என்று விசாரணை நடந்தது. இங்கிலாந்தில் போலீஸ் என்றேன்.

"பொலிசோ!" கையிலிருந்த பையை மடியில் இழுத்துக்கொண்டார். பிறகு தானே வெட்கப்பட்டு, "பழக்கதோஷம் அண்ணை" என்றார். "பொலிஸ் எண்ட சொல்லைக் கேட்டால் கை தானா அடையாள அட்டையைத் தேடுது. இஞ்சை வந்து எவ்வளவு காலம்!"

டொய்யனில் என்னைச் சரியான வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் போனார். அந்தக் கை அட்டையைத் தேடியதை நான் வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன். குகன் அண்ணனுக்கும் அதுதான் கதை. யாழ்ப்பாணத்தில், பதினேழு வயதில், பரீட்சைக்குப் படிக்கப் போன இடத்திலிருந்து அவரைப் போலீஸ் பிடித்துப் போனது. திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கொஞ்ச காலத்தில் நோர்வேயில் இளைஞர்கள் தங்கிப் படிக்கும் ஒரு நாட்டுப்புறப் பள்ளியில் இடம் கிடைத்து இங்கே வந்துவிட்டார். அம்மாவும் பதின்மூன்று வயது வாசுகியும் வேறு வழியாக இங்கிலாந்துக்குப் போனார்கள்.

அந்த வாசுகிதான் இருபத்து நாலு வயதில் போலீஸில் சேர்ந்தாள்.

அவள் அம்மா சொன்னது எனக்கு அவள் சொல்லித் தெரியும். "பொலிசுக்குப் பயந்துதானேடி ஓடி வந்தனாங்கள்?" வாசுகி சொன்ன பதில்: "அதாலைதான் அம்மா. பயப்பிடாத ஆக்களும் உள்ளுக்கு இருக்கவேணும்." அண்ணனிடம் போனில் சொன்னாள். போனை வைத்துவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டு, சமையலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அவளுடைய உத்தியோகத்தைப் பற்றி இங்கே நான் சொல்லத்தான் வேண்டும். அவளாகச் சொல்லமாட்டாள்.

சேர்ந்த புதிதில் அவள் கொண்டைக்குமேல் தொப்பி உட்காரவில்லை. ஆறு மாதம் தாக்குப்பிடிப்பாள் என்று சார்ஜண்ட் பந்தயம் வைத்தாராம். கோவிலுக்குப் போனால் நம்மவர்கள் உளவு பார்க்க வந்திருக்கிறாள் என்று விலகி உட்கார்ந்தார்கள். ஸ்டேஷனில் தேநீர் போட இவளைத்தான் கூப்பிட்டார்கள். இவள் போட்ட தேநீர் மகா மோசமாக இருந்ததால் அந்தத் தொல்லை சீக்கிரமே ஓய்ந்தது. அது திறமையின்மையா திட்டமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முதல் கால்பந்து மைதானப் பணி அவளை மாற்றியது. மஞ்சள் மேலங்கிக்குள் முக்கால்வாசி மறைந்துபோய், வாசல் ஓரத்தில் நின்றாள். கூட்டம் தன்னைச் சுவரோடு சேர்த்து அழுத்தியபோது ஒன்றைக் கண்டுகொண்டதாகச் சொல்வாள்: முன்னால் நிற்கிறவன் தள்ளுவதில்லை, பின்னால் நிற்கிறவனுக்கு முன்னால் நடப்பது தெரிவதில்லை. அன்றிலிருந்து கூட்டம்தான் அவள் படிப்பு. மைதானத்து வாசல்களை விடுமுறை நாளில் போய் அளந்தாள். என்னையும் கூட்டிப் போனாள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பதுதான் நான் செய்த காதல்.

இன்ஸ்பெக்டராக இருந்தபோது ஒரு நாள் இரண்டு ஊர்வலங்கள் ஒரே தெருமுனையில் மோத வந்தன. மேலதிகாரி கவசத்தோடு ஆட்களை இறக்கச் சொன்னார். அவள் அவகாசம் கேட்டு, ஒலிபெருக்கியோடு நடுவில் போய் நின்று, ஒரு பக்கத்துக்கு இடது தெருவையும் மறுபக்கத்துக்குப் பாலத்தையும் திறந்துவிட்டாள். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. செய்தித்தாளில் வரவும் இல்லை. ஒன்றும் நடக்காததை யார் எழுதுவார்கள்? பதவி உயர்வுக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் தோற்றாள். "உங்களுக்குக் குரல் போதாது" என்றார்களாம். மூன்றாம் முறை கிடைத்தது. குரல் அதேதான்.

பதினாறாம் தேதி மாலை புருசெத் வீட்டில் ஒரே அமர்க்களம். மலர் சேலைகளுக்கு இஸ்திரி போட்டார். குகன் அண்ணனின் மகள் ஆரணி வந்திருந்தாள். இசை ஆசிரியை. ரொம்சோஸ் பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளி வாத்தியக் குழுவை நடத்துகிறாள். அதை இங்கே கோர்ப்ஸ் என்கிறார்கள்.

"மாமி, நாளைக்கு என்ர கோர்ப்ஸை நீங்கள் கட்டாயம் பாக்கவேணும். மூண்டு மாசமா ஒவ்வொரு சனியும் ஓவிங்" என்று தொடங்கி, முகத்தைச் சுளித்து, "பிராக்டிஸ், பிராக்டிஸ்" என்று தன்னையே திருத்திக்கொண்டாள்.

சாப்பிடும்போது மலர் திடீரென்று கேட்டார்: "ஏன் மச்சாள், நீங்க எப்பயாவது கள்ளனத் துரத்திப் பிடிச்சிருக்கீங்களா? கையால?"

வாசுகியின் முகம் மலர்ந்தது. சொல்ல வாயெடுத்தாள். குகன் அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பால்கனியில கொடி கட்டவேணும்" என்று போனார். கொடி காலையிலேயே கட்டியாகிவிட்டது. அவர் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசுகி, "இல்லை மச்சாள், நான் மெதுவாத்தான் ஓடுவன்" என்று சொல்லி மீனைப் பிரித்தாள். 

பதினேழு காலை. சால்மன் மீன், அவித்த முட்டை, மலரின் ரோல்ஸ், கட்லட். அதற்குப் பிறகு ஊரே ரயிலில். பெண்கள் பூனாட் என்கிற பாரம்பரிய உடை அணிந்திருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு நிறம், ஒரு தையல், மார்பில் வெள்ளி ஊசிகள். மலர் மாம்பழ நிறக் காஞ்சிபுரப் பட்டில் ஏறியதும் பூனாட் கட்டிய ஒரு பாட்டியம்மா எழுந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். மலர் அவர் வெள்ளி ஊசியைத் தொட்டுப் பார்த்தார். "கிராத்துலேரெர் மெ தாகன்" என்று இருவரும் வாழ்த்திக்கொண்டார்கள். நாளுக்கு வாழ்த்துகள் என்று அர்த்தமாம். நான் அதைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல உச்சரிப்பு மோசமானது. எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

பெரிய தெருவில் இடம் பிடித்து நின்றோம். பள்ளி பள்ளியாகப் பிள்ளைகள் வந்தார்கள். சோமாலிப் பிள்ளை, பாகிஸ்தான் பிள்ளை, நம் பிள்ளை, வெள்ளைத் தலைமுடிப் பிள்ளை, எல்லார் கையிலும் சின்னக் கொடி. பீரங்கி இல்லை, பட்டாளம் இல்லை. எங்கள் நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரில் வடம் பிடிக்கிறவர்களின் கண்ணில் இருக்கும் அதே வெறி இங்கே ட்ரம்பெட் ஊதுகிற பத்து வயதுப் பிள்ளைகளின் கண்ணில் இருந்தது. ஆரணியின் கோர்ப்ஸ் வந்தபோது மலர் கத்திய கத்தலில் என் காது அடைத்தது. ஆரணி திரும்பவேயில்லை. கையை மட்டும் ஒருமுறை மேலே விசிறினாள்.

வாசுகி என் பக்கத்தில் நின்றாள். பச்சைப் புடவை, கையில் ஐஸ்கிரீம். இதைவிட நான் என்ன கேட்பேன்? ஆனால் அவள் பார்வை பிள்ளைகளின் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது.

"என்ன பாக்கிற?"

"ஒண்டுமில்லை. வடிவாச் செய்திருக்கினம். தெருவைக் குறுக்கால கடக்க இடம் விட்டிருக்கினம் பாருங்கோ."

"ஐஸ்கிரீம் உருகுது, வாசு."

"ஓம், ஓம்" என்று ஒரு வாய் நக்கினாள்.

மதியத்துக்குப் பிறகு வானம் கறுத்தது. நாங்கள் வீடு திரும்புவதற்காக ஒரு மெட்ரோ நிலையத்தின் அருகே இருந்தோம். எந்த நிலையம் என்பது வேண்டாம், எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். வாசலுக்கு முன்னால் சின்னச் சதுக்கம். அங்கே ஆரணியின் கோர்ப்ஸ் கூடி நின்று பெற்றோருக்காகக் காத்திருந்தது. மழை பெய்ய ஆரம்பித்ததா கொட்டியதா என்று சொல்ல முடியாது. கூடவே ஆலங்கட்டி. தெருவில் நின்ற அத்தனை சனமும் ஒரே நேரத்தில் அந்த வாசலை நோக்கி ஓடியது. சிரிப்பும் கூச்சலுமாக நாங்களும் ஓடினோம். நடைமேடைக்குக் கீழே இறங்கும் படியின் மேல்முனையில் நானும் வாசுகியும் நின்றோம். நாலைந்து ஆள் பின்னால் குகன் அண்ணனும் மலரும்.

கீழே வண்டி வரவில்லை போலிருக்கிறது. படி நிறைந்து நின்றுவிட்டது. மேலிருந்து சனம் வந்துகொண்டேயிருந்தது. நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வாசுகியின் உள்ளங்கை என் முதுகில் வந்து பதிந்தது.

"இஞ்சாருங்கோ. மூச்சுக்கு இடம் விட்டு ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால மடிச்சு வையுங்கோ. இப்பவே."

வைத்தேன். அவள் அன்றைய இரண்டாவது ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டாள். படியைப் பார்த்தாள். கீழே தலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்தன. காற்றில் நெற்பயிர் சாய்வது போல.

"சிரிப்பு நிண்டிட்டுது" என்றாள்.

உண்மைதான். படியில் இருந்தவர்கள் யாரும் பேசவில்லை. ஒரு குழந்தை மட்டும் அழுதது. ஒரு தாய் தள்ளுவண்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். பின்னால் இன்னும் பாட்டுப் பாடிக்கொண்டு தள்ளினார்கள்.

வாசுகி கைப்பிடிச் சுவரில் ஏறினாள். ஐம்பத்தைந்து வயது, புடவை, ஈரக் கல். "Stop" என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தம் போட்டாள். மழையில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. அவள் கண் கூட்டத்துக்குமேல் தேடியது. அண்ணனைக் கண்டுபிடித்தது.

"அண்ணா! பின்னால திரும்புங்கோ! கையை விரியுங்கோ! பக்கத்தில நிக்கிற ஆக்களின்ர கையைப் பிடிச்சுச் சங்கிலி போடுங்கோ! வண்டி இல்லையெண்டு நோர்வேஜியத்தில கத்துங்கோ!"

குகன் அண்ணன் ஒரு கணம் அவளைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்.  பிறகு திரும்பினார். லிஃப்ட் குழிக்குள் கத்திப் பழகிய குரல் அது. அவர் நோர்வேஜியத்தில் முழங்கியபோது மழையே நின்றுவிட்டது போல இருந்தது. மலர் அவர் கையைப் பிடித்தார். பூனாட் கட்டிய ஒரு பெண் மலரின் கையைப் பிடித்தாள். தலைப்பாகை கட்டிய ஒருவர், கொடியோடு ஒரு தாத்தா. சங்கிலி நீண்டது. தள்ளு நின்றது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பேர் மழைக்கு ஒதுங்க இடம் தேடி அங்கேயே நின்றார்கள். சங்கிலி எவ்வளவு நேரம் தாங்கும்?

"ஆரணி!" சுவர்மேலிருந்து வாசுகி கத்தினாள். "உன்ர கோர்ப்ஸ் வாசிக்குமோ?"

"மாமி, மழை! கிளாரினெட் எல்லாம் நனைஞ்சிடும்!"

"மேளமும் ட்ரம்பெட்டும் காணும்! வாசிச்சுக்கொண்டு அந்தத் தெருவால நடவுங்கோ. அந்தக் கடைத்தொகுதிக் கூரைக்குக் கீழ போய் நில்லுங்கோ. நிப்பாட்டாமல் வாசியுங்கோ!"

ஆரணி மாமியைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். கையை உயர்த்தினாள். பெரிய மேளம் முதல் அடி போட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நனைந்த சீருடையில் அந்தப் பிள்ளைகள், கன்னம் உப்ப ஊதிக்கொண்டு, ஆலங்கட்டிக்குள் நேராக நடந்தார்கள். காலையிலிருந்து வாத்தியத்துக்குப் பின்னால் நடந்து பழகிய சனம். முதலில் குழந்தைகள் திரும்பின. குழந்தைகள் இழுத்து அம்மாக்கள் திரும்பினார்கள். யாரோ "ஹுர்ரா" என்றார்கள். கூட்டத்தின் பின்பாதி முழுதாகத் திரும்பி, கொடியை ஆட்டிக்கொண்டு, இசைக்குப் பின்னால் போய்விட்டது!

வாசுகி படியில் நின்றவர்களைப் பார்த்து இரண்டு கைகளாலும் மெதுவாக, மேலே வா, மேலே வா என்று சைகை செய்தாள். மேல்படி முதலில் ஏறியது. அதற்குக் கீழ்ப்படி. தள்ளுவண்டி வெளியே வந்தது. மயங்கிய ஒரு வயதான பெண்மணியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். மலர் தன் காஞ்சிபுர முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். அவர் கண் திறந்து முதலில் கேட்டது தன் வெள்ளி ஊசி இருக்கிறதா என்றுதான். இருந்தது. ஒருவருக்கும் பெரிய காயமில்லை.

ஓடிவந்த இளம் போலீஸ்காரி ஒருத்தி, சங்கிலியையும் காலியாகும் படியையும் பார்த்துவிட்டு, யார் இதைச் செய்யச் சொன்னது என்று நோர்வேஜியத்தில் கேட்டாள். குகன் அண்ணன் சுவரைக் காட்டினார். "என்ர தங்கச்சி" என்று அவர் சொன்னதாக மலர் எனக்கு மொழிபெயர்த்தார். அவ்வளவுதான் சொன்னாராம்.

அந்தப் பெண் வாசுகியிடம் வந்தாள். கொஞ்சநேரம் அவள் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில், "நீங்களும் எங்கள் தொழில்தானா?" என்று கேட்டாள்.

"இந்த மாதக் கடைசி வரைக்கும்" என்றாள் வாசுகி. இருவரும் கைகுலுக்கினார்கள். சுவரிலிருந்து இறங்க வாசுகிக்கு நான்தான் கை கொடுத்தேன்.  "பயமாயிருந்தது" என்று என் காதில் சொன்னாள். "ரேடியோ இல்லை, ஆள் இல்லை, ஒண்டுமில்லை. ஆனா எவ்வளவு வடிவாப் போச்சுது, பாத்தனீங்களோ!" முகம் முழுக்கச் சிரிப்பு. ஈரக் கொண்டை அவிழ்ந்து தொங்கியது. முப்பது வருடம் கட்டடத்து உச்சிகளில் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

கடைத்தொகுதிக் கூரையின் கீழ் கோர்ப்ஸ் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்றிரவு வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். குகன் அண்ணன் மட்டும் சமையலறைக்குப் போனார். தங்கைக்குச் சுடுதண்ணீரில் கால் வைக்கப் பாத்திரம் கொண்டுவந்து வைத்தார். இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஒஸ்லோத் தமிழர்களுக்குப் பதினேழு கொடி நாள், பதினெட்டு விளக்கு நாள். போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களை நினைக்கிற நாள். ஒரே வாரத்தில் இரண்டு மனதை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று மலரிடம் கேட்டேன். "பழகிப் போச்சு அண்ணே. கொடியக் கழட்டி மடிச்சு வெச்சிட்டு விளக்கத் துடைக்கிறதுதான்" என்றார்.

பதினெட்டாம் தேதி மாலை நினைவுக் கூட்ட மண்டபத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகச் சனம். எல்லாருக்கும் பூ கொடுத்திருந்தார்கள். பூ வைக்கும் மேடைக்கு ஒரே ஒரு நடைபாதை. வைக்கப் போகிறவர்களும் வைத்துத் திரும்புகிறவர்களும் நடுவில் முட்டிக்கொண்டார்கள். வயதானவர்கள் அழுதுகொண்டு நின்றார்கள். வாசுகி சுவரோரமாக என் அருகில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். இங்கே நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று கட்டிய கைகள் அவை. இந்த மண்டபத்தில் போலீஸ் என்ற சொல் எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்குத் தெரியும்.

குகன் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஏற்பாட்டாளர், கண்ணாடி போட்ட ஒரு மனிதர். குகன் அண்ணன் அவர் தோளில் கை வைத்து, பக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும் குரலில் சொன்னார்:

"இவ என்ர தங்கச்சி. பொலிஸ். இங்கிலாந்தில பெரிய பொலிஸ். சனத்தை எப்பிடி நோகாமல் விடுறதெண்டு இவவுக்குத் தெரியும். இவவிட்டைக் கேளுங்கோ."

நாலைந்து முகங்கள் சட்டென்று திரும்பின. ஒரு கிழவர் வாசுகியை மேலும் கீழும் பார்த்தார். அவள் என் முழங்கையைப் பிடித்தாள். பிடி இறுகியது. பிறகு விட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்னக் குரலில், "அந்தப் பக்கக் கதவு திறபடுமோ?" என்று கேட்டாள்.

"பூட்டிக் கிடக்கு. திறக்கலாம்."

"அப்ப, வாறவை இதால வரட்டும். பூ வைச்சவை அதால போகட்டும். வயசானாக்களுக்கு முன்னால கதிரை போடுங்கோ. ஒருத்தரையும் அவசரப்படுத்தவேண்டாம்."

குகன் அண்ணன் தானே போய்ப் பக்கக் கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசை அசைந்தது. மேலும் கீழும் பார்த்த கிழவர் பூ வைத்துவிட்டுக் கதவால் வெளியேறும்போது வாசுகியைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். எல்லாரும் போன பிறகு அண்ணனும் தங்கையும் கடைசியாகப் பூ வைத்தார்கள்.

திரும்பும் வழியில் குகன் அண்ணன் காரை ஓட்டினார். வாசுகி முன்னால், நானும் மலரும் பின்னால். வெயில் இன்னும் இறங்கவில்லை. பாதி வழியில் அவர் கேட்கிற காதைத் தங்கையின் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"பொலிசில சேர்ந்த முதல் நாள் உன்னை என்ன செய்ய விட்டவை?"

வாசுகி அவரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொண்டைக்கு மேல தொப்பி கொள்ளேல்லை அண்ணா" என்று தொடங்கினாள்.

அவள் சொல்லி முடிக்குமுன் புருசெத் வந்தது. குகன் அண்ணன் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். மலர் கதவுப் பிடியில் கை வைத்தார். அதை அப்படியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரும் இறங்கவில்லை.